மெய்நிகர் களப்பயணமும் கந்தக பூமியின் வகுப்பறையும்

முன்னுரை

கல்வி ஏட்டில் தொடங்கினும் ஏட்டில் முடிவதன்று. கற்றதைக் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, கையால் தொட்டு உறுதிப்படுத்திக் கொள்ளும்போதுதான் அறிவு தெளிவு பெறுகிறது. இக்கருத்தின் அடிப்படையிலேயே பள்ளிகளில் கல்விச் சுற்றுலா, களப்பயணம் என்பன ஏற்பட்டன. அணைக்கட்டு, அருங்காட்சியகம், தொழிற்கூடம், சரணாலயம் முதலிய இடங்களுக்கு மாணவரை அழைத்துச் சென்று, பாடத்தில் படித்ததை நேரில் காணச் செய்வது களப்பயணம். அவ்விடத்தையே ஒளிப்படம், நிகழ்படம், முப்பரிமாணக் காட்சி, நேரலை ஆகியவற்றின் வழியே வகுப்பறைக்குள் கொண்டுவந்து, அங்கே உலவுவது போன்ற உணர்வை மாணவரிடம் உண்டாக்குவது மெய்நிகர் களப்பயணம்.

‘மெய்நிகர்’ என்னும் சொல்லாக்கம் நோக்கத்தக்கது. மெய்யை நிகர்ப்பது என்று பொருள்படும் இச்சொல், அது மெய்யாகிவிடாது என்பதையும் உடன் உணர்த்துகிறது. நிகர்க்கக் கூடியது எவ்வளவு, நிகர்க்க இயலாதது எவ்வளவு என்று அளந்தறிவோர் கையிலேயே இக்கருவி பயன்தரும். விருதுநகர் மாவட்டத்தையும் சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தையும் நிலைக்களமாகக் கொண்டு, பள்ளி வகுப்பறையில் மெய்நிகர் களப்பயணத்திற்குரிய இடம் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றுப்படை காட்டும் நெறி

தான் கண்ட இடத்தைக் காணாதவன் மனக்கண்முன் நிறுத்துவது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழி கூறுவதாக அமைந்தவை. செல்லும் வழியின் நிலம் எத்தகையது, அந்நிலத்து மக்கள் யாவர், அவர்கள் அளிக்கும் உணவு யாது என்பனவெல்லாம் அவற்றில் நிரல்பட விளக்கப்படுகின்றன. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் மலைவழியின் அழகைப் பாடுவதோடு அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகளையும், புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும் சுட்டி, எச்சரித்தும் செல்கிறது. அழகையும் ஆபத்தையும் ஒருங்கே உரைப்பது வழிகாட்டுவோன் கடமை என்பது இதனால் பெறப்படும்.

மற்றொரு சான்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. நம் கரிசல் நிலத்து ஊராகிய எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப்புலவர், தமிழ் மக்கள் கண்டறியாத அரபு நாட்டைச் சீறாப்புராணத்தில் பாடியபோது, மழையும் ஆறும் வயலும் சோலையும் நிறைந்த தமிழ் நிலத்தின் சாயலிலேயே அதனைப் புனைந்தார். அறியாத நாடு அறிந்த நிலத்தின் வழியாகவே கேட்போர் உள்ளத்தில் இடம்பெறும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

இவ்விரு சான்றுகளிலிருந்தும் இரு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, காட்சிக்கு வழிகாட்டி வேண்டும்; அவர் கண்டறிந்தவராக இருத்தல் வேண்டும். இரண்டு, காணாததைக் கண்டதோடு இணைத்துக் காட்டல் வேண்டும். இன்றைய திரைக் கருவி எத்துணைப் புதியதாயினும் இவ்விரு விதிகளுக்கும் கட்டுப்பட்டதே.

வளர்ந்த வரலாறு

1838-இல் இங்கிலாந்தின் சார்லசு வீட்சுடன் என்பார், இரு கண்ணுக்கும் இரு படங்களைத் தனித்தனியே காட்டி ஆழத்தோற்றம் உண்டாக்கும் கருவியை விளக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் இத்தகைய இரட்டைப் படங்களைக் கொண்டு உலக நாடுகளை மாணவருக்குக் காட்டினர்.

நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடைபெற்றது. பெருநகரைக் கண்டிராத சிறுவர் பலர் அதன்வழித் தம் ஊருக்கு அப்பாலுள்ள உலகைக் கண்டனர். 1985-இல் கடலடியில் மூழ்கிக் கிடந்த டைட்டானிக் கப்பலைக் கண்டறிந்த குழுவின் தலைவர்களுள் ஒருவரான இராபர்ட் பல்லார்டுக்குப் பள்ளிச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினர். ‘அடுத்த பயணத்தில் எங்களையும் அழைத்துச் செல்ல இயலுமா’ என்பதே அவர்தம் வினா. அதன் விளைவாக 1989-இல் அவர் தொடங்கிய ஜேசன் திட்டம், கடலாய்வை நேரலையாக மாணவருக்குக் காட்டியது. குழந்தைகளின் ஆசையே இத்துறைக்கு வித்திட்டது என்பது இதனால் விளங்கும்.

2015-இல் கூகுள் நிறுவனம் ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ என்னும் வகுப்பறைச் செயலியைத் தொடங்கியது. அட்டைப்பெட்டிக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திப் பவளப்பாறையையும் பழம்பெரும் நகரங்களையும் மாணவர் கண்டனர். ஆயின் 2021 ஜூனில் அச்செயலி நிறுத்தப்பட்டது. ஒரு நிறுவனத்தின் கருவியை நம்பிப் பாடத்திட்டம் வகுத்தல் ஆகாது என்னும் படிப்பினையை இது தருகிறது.

தமிழகத்தில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளும் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதியும் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது திரைவழிக் கல்வி தவிர்க்க இயலாததாயிற்று. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பல பள்ளிகளில் நேரலையாகக் கண்டனர். அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பதை அறிந்த நம் மாணவருக்கு, நிலவும் ஒரு பக்கத்து ஊராயிற்று.

கந்தக பூமியின் முரண்

இனி, நம் வட்டாரத்திற்கு வருவோம். சிவகாசியின் தொழில் வரலாறே ஒரு களப்பயணத்தில் தொடங்கியது என்றால் அது மிகையன்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையை நேரில் கண்டு கற்றுத் திரும்பினர். மழை குறைந்த, வேளாண்மை பொய்த்த கரிசல் பூமியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பின்னர்ப் பட்டாசும் அச்சும் சேர்ந்து மூன்று தொழில்களாய் வளர்ந்தன. இன்று இந்தியப் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலேயே நடைபெறுகிறது.

கண்டு கற்று வளர்ந்த அவ்வூரில், அத்தொழிலை மட்டும் மாணவர் கண்டு கற்க இயலாது என்பதே முரண். 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, பதினெட்டு வயது நிறையாதவர் உரிமம் பெற்ற வெடிபொருள் வளாகத்துள் நுழைதல் கூடாது. எனவே எந்தப் பள்ளியும் தன் மாணவரைப் பட்டாசு ஆலைக்குக் களப்பயணம் அழைத்துச் செல்லுதல் இயலாது; செல்லுதலும் தகாது.

இத்தடையின் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இவ்வட்டாரச் சிறார் தீப்பெட்டி, பட்டாசுக் கூடங்களுக்குள் இருந்தனர். பார்வையாளராக அன்று, தொழிலாளராக. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறார் தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதையும் தடை செய்தது. ஆலையிலிருந்து பள்ளிக்குக் குழந்தைகளை மீட்டுவந்தது ஒரு தலைமுறையின் உழைப்பு. அவ்வாயில் மீண்டும் திறவாதிருத்தல் வேண்டும்.

ஆபத்து இன்னும் நீங்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் நாளிலேயே, முதலிப்பட்டி ஆலை விபத்தில் 38 பேர் உயிரிழந்தனர். முதல் வெடியோசை கேட்டு உதவவும் காணவும் விரைந்து சென்ற ஊர்மக்கள் பலரும் அவருள் அடங்குவர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அருகிற்சென்று காணும் ஆவலே உயிரைப் போக்கும் இடத்தில், தொலைவில் நின்று காணும் கலையைக் கற்பித்தல் ஆசிரியர் கடமையாகிறது.

ஆயினும் மாணவர் இதனைக் காணாமலே இருந்துவிடலாமோ எனின், ஆகாது என்க. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தாயோ தந்தையோ நாள்தோறும் செல்லும் இடம் அது. அங்கே என்ன நடக்கிறது, எவ்விதி உயிர் காக்கிறது, எவ்விதி மீறப்படின் உயிர் போகிறது என்பதை அப்பிள்ளை அறிதல் வேண்டும். தொலைநாட்டு அருங்காட்சியகத்தின் கூடங்களில் திரைவழி உலவும் மாணவன், தன் தாய் அமர்ந்து வேலை செய்யும் அறைக்கு எத்தனை வாயில் என்பதை அறியாதிருப்பது கல்விக்கு அழகன்று. மெய்நிகர் களப்பயணம் நம் மாவட்டத்திற்கு இன்றியமையாததாவது இவ்விடத்திலேயே.

வகுப்பறையில் பட்டாசு ஆலை

இப்பயணத்தை அமைக்கும் முறை பற்றிச் சில கூறுவோம். மருந்து உள்ள அறைக்குள் கைப்பேசியோ ஒளிப்படக் கருவியோ கொண்டு செல்லுதல் பெருந்தவறு. பாடத்திற்காகப் படம் எடுக்க முனைந்து பாதுகாப்பு விதியை மீறுவது, விளக்கைக் காட்ட வீட்டைக் கொளுத்துவது போன்றது. ஆதலின் உரிமம் பெறுமுன் கட்டி முடிக்கப்பட்ட வெற்று அறைகளின் படம், ஆலையின் நில வரைபடம், அட்டையில் செய்த மாதிரி அமைப்பு, வெளியே நின்று எடுத்த தொலைக்காட்சிப் படங்கள் ஆகியவற்றைக் கொண்டே பாடத்தை அமைக்கலாம். இசுரோவின் புவன் போன்ற செயற்கைக்கோள் நிலப்படத்தில், ஆலையின் சிறு சிறு அறைகள் இடைவெளி விட்டுப் பரந்து கிடப்பதை மாணவர் தெளிவாகக் காண இயலும்.

அக்காட்சியிலிருந்து எழும் வினாக்கள் பல பாடங்களைத் தொடும். அறைகளுக்கிடையே இத்துணை இடைவெளி ஏன்? ஓரறையில் நேரும் விபத்து மற்றோர் அறைக்குத் தாவாதிருக்க. மருந்து செலுத்தும் அறையில் நால்வர்க்கு மேல் இருத்தலாகாது என்பதும், நான்கு புறமும் வாயில் வைப்பதும் எதற்கு? விரைந்து வெளியேற. இரும்புக் கருவி ஏன் ஆகாது? உராய்வில் பொறி எழும். உள்ளே நுழையுமுன் நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடுவது ஏன்? உடலில் தங்கிய நிலைமின்னைப் போக்க. இவை அறிவியல் பாடம். இசுட்ரான்சியம் சிவப்பையும், செம்பு நீலத்தையும், சோடியம் மஞ்சளையும், பேரியம் பச்சையையும் தருகின்றன. பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வேதியியலும் குடிமையியலும் ஒரே மத்தாப்பில் சந்திக்கின்றன.

தமிழ்ப் பாடத்திற்கும் இங்கே இடமுண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து. ஒரு சொல்லே உயிர் காப்பதற்கும் உயிர் மாய்ப்பதற்கும் பெயராதலை மாணவர் சிந்திக்கட்டும். திரி, சரம், கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் முதலிய தொழிற்சொற்களை வீட்டில் கேட்டு வந்து தொகுக்கட்டும். ஒரு வட்டாரச் சொல்லகராதியின் முதற்பக்கம் அங்கே பிறக்கும்.

எல்லாவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. படத்தை விளக்க, அத்தொழிலில் பல்லாண்டு உழைத்த தாய் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்தல் வேண்டும். ஆற்றுப்படையின் முதல் விதி, கண்டறிந்தவரே வழிகாட்டுதல் என்பதன்றோ? பள்ளி வாயிலில் தயங்கி நின்று, கையொப்பமிட்டுத் திரும்பும் அத்தாய், அன்று ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்து பேசுவார். காலையில் எப்போது செல்வது, வெயில் ஏறினால் ஏன் அஞ்சுவது, எந்த வேளையில் எந்த வேலை ஆகாது என்பவற்றை எந்தத் திரையும் அவர் போல் சொல்லாது. தம் தாயின் கைகளில் படிந்த வெள்ளிநிறப் பொடி நாணத்திற்குரியதன்று, அறிவுக்குரியது என்பதை மாணவர் அன்று உணர்வர். வர விரும்பாதாரை வற்புறுத்தலும், விபத்தில் உறவை இழந்த பிள்ளையின் முன் விபத்துக் காட்சிகளைக் காட்டலும் கூடா.

திரை வேண்டும் இடமும் வேண்டா இடமும்

மெய்நிகர் களப்பயணம் பொருந்தும் இடங்கள் நான்கு எனலாம். ஆபத்தால் அணுக இயலாதவை, தொலைவால் எட்டாதவை, காலத்தால் மறைந்தவை, அளவால் கண்ணுக்கு அடங்காதவை. பட்டாசு ஆலை முதல் வகை. பனிமுனைகளும் விண்வெளி நிலையமும் இரண்டாம் வகை. அகழ்ந்தபின் மூடப்பட்ட தொல்லியல் குழிகள் மூன்றாம் வகை. ஒரு நுண்ணுயிரும் ஒரு புயலும் நான்காம் வகை.

இந்நான்கிலும் அடங்காதவற்றைத் திரையில் மட்டும் காட்டி அமைதல் தகாது. சிவகாசிக்கு அண்மையில், வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்ட அகழாய்வுகளைத் தொடங்கி நடத்தியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் அங்கே கிடைத்தன. மூடிய குழியின் ஆழத்தைத் திரையில் காட்டலாம். அந்த மேட்டின் மண்ணையும் ஆற்றின் வறண்ட மணலையும் பேருந்தேறிச் சென்றே காண வேண்டும். 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமும் ஒரு பகலில் சென்று திரும்பத்தக்க தொலைவிலேயே உள்ளது. விருதுநகரில் காமராசர் பிறந்த எளிய இல்லத்தின் சிறுமையை, அதன் வாயிலில் நின்றாலன்றி உணர இயலாது.

பேருந்துச் செலவு மிச்சம் என்பதற்காக நேர்ப்பயணத்தைக் கைவிட்டுத் திரையைப் பிடிப்பது, விருந்துக்கு அழைத்துச் சமையற்குறிப்பு வாசிப்பது போன்றதாகும். கரிசல் மண்ணின் வெம்மை, மழை விழுந்ததும் எழும் மணம், நடந்து களைத்த காலின் வலி, உடன் அமர்ந்து உண்ட கட்டுச்சோறு ஆகியனவும் கல்வியே. அவற்றைத் திரை தாராது.

சுற்றுலாக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளை அன்று பள்ளிக்கு வாராது வீட்டிலிருப்பதையும் நாம் அறிவோம். பெண்பிள்ளையைத் தொலைவிடத்திற்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் எல்லாச் சமுதாயங்களிலும் உளர். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு மலைப்படிகள் தடையாகின்றன. இவர்களுக்கு மெய்நிகர் பயணம் பெருந்துணை. ஆயின், ‘நீ திரையில் பார்த்துக்கொள்’ என்று சிலரை விட்டுவிட்டு மற்றையோர் செல்வதற்கு அது சாக்காகிவிடக் கூடாது. முன்னதாகவே அனைவரும் திரையில் ஒருங்கு கண்டு, பின்னர் இயன்றவரை அனைவரும் ஒருங்கு செல்வதே முறை.

ஆசிரியர் கொள்ளத்தக்க நெறிகள்

கல்வியியல் பயின்றோர் எட்கார் டேல் 1946-இல் வகுத்த அனுபவக் கூம்பை அறிவர். ‘படிப்பதில் பத்து விழுக்காடு நினைவில் நிற்கும், பார்ப்பதில் இத்தனை விழுக்காடு’ என்று அக்கூம்போடு சேர்த்து வழங்கும் எண்கள் டேல் தந்தவை அல்ல, பிற்காலத்தார் ஒட்டியவை. பார்த்த அளவிலேயே அறிவு படிந்துவிடும் என நம்புதல் ஆகாது. எனவே பின்வரும் நெறிகளைக் கூறலாம்.

1. புறப்படுமுன் வினா வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தாம் அறிய விரும்பும் ஒரு வினாவை ஏட்டில் எழுதிய பின்னரே திரை ஒளிர்தல் வேண்டும்.

2. காட்சி சுருங்க வேண்டும். ஒரு பாடவேளையில் கால்மணி நேரக் காட்சி போதும். எஞ்சிய நேரம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உரியது.

3. இடையிடையே நிறுத்த வேண்டும். ‘இங்கே நின்றால் வலப்புறம் என்ன தெரியும்? காற்று எத்திசையிலிருந்து வீசும்?’ என்று வினவினால், மாணவர் பார்வையாளர் நிலையிலிருந்து பயணியர் நிலைக்கு உயர்வர்.

4. அறிந்ததோடு இணைக்க வேண்டும். நைல் நதியைக் காட்டுங்கால் வைப்பாற்றை நினைவூட்டுக. இது உமறுப்புலவர் காட்டிய வழி.

5. காட்டாததையும் கேட்க வேண்டும். படம் எடுத்தவர் யாவர், எதனை விட்டுவிட்டார், ஏன் என்று ஆராயும் பழக்கம் வாழ்நாள் முழுதும் உதவும்.

6. மீண்டபின் பதிவு வேண்டும். கட்டுரை, படம், மாதிரி, வரைபடம், வாய்மொழி உரை எனத் தத்தம் ஆற்றலுக்கேற்ப மாணவர் படைக்கட்டும்.

விலைமிக்க கண்ணாடிக் கருவிகள் இல்லையே என்று வருந்த வேண்டா. ஒரு படமெறி கருவியும் வெள்ளைச் சுவரும் போதும். மின்சாரம் நின்றால் பெரிய அச்சுப்படமும் கண்டறிந்த ஆசிரியரின் நாவும் போதும். அச்சுத் தொழிலில் பெயர்பெற்ற வட்டாரத்தில் நல்ல வண்ணப்படங்களுக்குக் குறைவில்லை.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், மெய்நிகர் களப்பயணம் நேர்ப்பயணத்தின் மாற்று ஆகாது என்பதும், நேர்ப்பயணம் செல்ல இயலாத, செல்லத் தகாத இடங்களுக்கு அதுவே உற்ற வழி என்பதும் பெறப்பட்டன. கந்தக பூமியில் அதற்குத் தனியொரு கடமையும் உண்டு. ஆலைக்குள் கைகளாய் நுழைந்த சிறாரை வெளியே கொண்டுவந்தோம். இனி அச்சிறாரின் மக்கள், வகுப்பறையின் பாதுகாப்பில் அமர்ந்து, தம் பெற்றோரின் உழைப்பை அறிவுக்கண்ணால் காண வேண்டும். விதியின் பொருளை உணர்ந்து வளரும் பிள்ளை, நாளை ஆலை உரிமையாளராகவோ ஆய்வாளராகவோ வேதியியலாளராகவோ அமரும்போது, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஐந்தாமவரை அமர்த்த அவன் மனம் ஒருப்படாது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்குத் திரையும் கருவியும் வழங்குவது நற்செயல். அதனோடு, கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் பேருந்துச் செலவை ஏற்பது அதனினும் நற்செயல். மாணவர்க்கு ஒரு சொல். இன்று மாலை வீடு திரும்பியதும், பெற்றோர் செய்யும் தொழிலைப் பற்றி ஒரு வினா கேளுங்கள். விடையைப் பொறுமையோடு கேட்டு எழுதி வையுங்கள். கருவி எதுவும் வேண்டாத முதற்களப்பயணம் அதுவே ஆகும்.